முகவரி கேட்ட சபை

கடவுள் மறைந்திருக்கிறார் என்பதில் எனக்கு எந்த மனக்குறையும் கிடையாது. சின்ன வயதில் பினாங்கின் தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறும்போதே அம்மா சொல்லிவிட்டாள்: சாமி கண்ணுக்குத் தெரியமாட்டார், நீ பாட்டுக்குக் கும்பிடு. கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் கோலாலம்பூரிலிருந்து ஒரு ஏஜென்ட் போன் பண்ணி, வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கம்பெனியின் பெயரை மட்டும் மறைத்தால் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறுகிறது. "ரெண்டும் எப்படிம்மா ஒரே மனுஷிகிட்ட இருக்கு?" என்று எங்கள் சித்தாந்த வகுப்பு ஐயா ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டார். சீண்டுவதற்காகக் கேட்டதுதான். நான்தான் அதை வீடு வரை தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஃபேக்டரியில் இருக்கும் வெப்பமானி, அழுத்தமானி, மின்சார மீட்டர், தராசு இவையெல்லாம் சரியாக அளக்கின்றனவா என்று சோதித்துச் சான்று எழுதுகிறவள் நான். காலிபிரேஷன் என்பார்கள். வெகுகாலம் ஒரே கம்பெனியில் இருந்தேன். பிறகு அந்தப் பிரிவையே மூடி, வேலையை வெளியே கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து காண்டிராக்ட். ஆறு மாதம் ஓரிடம், ஒரு வருஷம் வேறிடம். பாயான் லெப்பாஸிலும் பத்து காவானிலும் கூலிமிலும் என் கையெழுத்து உள்ள சான்றுகள் இருக்கும். ஆனால் அந்தக் கம்பெனிகளின் சம்பளப் பட்டியலில் என் பெயர் இருக்காது. சம்பளம் போடுவது ஏஜென்சி. என் ஒரு மணி நேரத்துக்குக் கம்பெனி ஏஜென்சிக்கு எவ்வளவு கொடுக்கிறது என்பது எனக்கு ஒருநாளும் தெரியாது. அதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று இந்தத் தொழிலில் ஒரு நாகரிகம் உருவாகிவிட்டது. யார் உருவாக்கினார்கள் என்று யோசித்தால் விடை சுலபம்.

போன் வரும் விதம் எப்போதும் ஒன்றுதான்.

"வணக்கம் மிஸ். ஒரு நல்ல ரோல் இருக்கு. உங்க ப்ரொஃபைலுக்கு அப்படியே பொருந்துது."

"எந்தக் கம்பெனி தம்பி?"

"கிளையன்ட் ஒரு எம்என்சி மிஸ். பினாங்குலதான்."

"பினாங்குல எம்என்சிக்கா பஞ்சம்? பாயான் லெப்பாஸா, பத்து காவானா, அதையாச்சும் சொல்லுங்க."

"அது இப்போ சொல்ல முடியாதுக்கா. கான்ஃபிடென்ஷியல்."

மிஸ் அக்காவாக மாறும் இடத்தில்தான் கேட்கும் முறை அவர் பக்கம் போகும். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு அனுப்புங்கள். ஐசி நகல். இபிஎஃப் கணக்கு. இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள், ஏன் விடுகிறீர்கள், கல்யாணம் ஆகிவிட்டதா, பிள்ளை எத்தனை. ரெஸ்யூமை பிடிஎஃப் ஆக அனுப்பாதீர்கள், வேர்டில் அனுப்புங்கள். என் போன் நம்பரை எடுத்துவிட்டு அவர்கள் சின்னத்தை ஒட்டுவதற்காக. அதாவது நான் முழுக்கத் தெரிய வேண்டும் அவருக்கு. கம்பெனிக்கு நான் பாதிதான் தெரிய வேண்டும். எனக்குக் கம்பெனி தெரியவே கூடாது.

இதில் காரணம் இல்லாமல் இல்லை. பெயரைச் சொன்னால் நான் நேரே போய் விண்ணப்பித்துவிடலாம். அவருடைய கமிஷன் போச்சு. இன்னொரு ஏஜென்ட் காதில் விழுந்தால் அவனும் ஆள் அனுப்புவான். சில சமயம் கம்பெனியே சொல்லாதே என்கிறது. சில சமயம் வேலையே இருக்காது. அடுத்த மாதம் ஒரு டெண்டர் வரும், அப்போது எங்களிடம் இத்தனை ஆட்கள் தயாராக இருக்கிறார்கள் என்று காட்ட ரெஸ்யூம் சேர்ப்பார்கள். இத்தனையும் போனில் ஒரே குரலில், ஒரே சொல்லில் வரும்: கான்ஃபிடென்ஷியல்.

நஷ்டம் யாருக்கு என்பதை வெளியாட்கள் அறியமாட்டார்கள். பெயர் தெரியாமல் இரண்டு ஏஜென்டிடம் சரி என்று சொல்கிறேன் என்று வையுங்கள். இருவருக்கும் பின்னால் இருப்பது ஒரே கம்பெனி. ஒரே ஆளின் ரெஸ்யூம் இரண்டு வாசல் வழியாக உள்ளே போகிறது. கமிஷன் யாருக்கு என்ற சண்டை நமக்கு எதற்கு என்று கம்பெனி இரண்டையும் ஒதுக்கி வைத்துவிடும். மறைத்தவர்கள் இருவர், வேலை போனது எனக்கு. ஏன் என்றும் யாரும் சொல்லமாட்டார்கள். அதுவும் கான்ஃபிடென்ஷியல்.

இதை வகுப்பில் புலம்பியபோதுதான் ஐயா அந்தக் கேள்வியைக் கேட்டார். ஐயா தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் பாடமாக்காமல் விடமாட்டார். சைவ சித்தாந்தத்தில் இறைவனுக்குத் தொழில் ஐந்து. படைத்தல், காத்தல், அழித்தல் என்ற மூன்றும் எல்லாருக்கும் தெரியும். மற்ற இரண்டு மறைத்தலும் அருளலும். நடராசர் திருமேனியில் தூக்கிய திருவடி அருளல் என்றால், கீழே ஊன்றி நிற்கும் திருவடி மறைத்தல். "மத்த நாலும் எதன் மேல நிக்குது பாருங்க" என்றார் ஐயா. உயிர் பக்குவப்படும் வரை இறைவன் தன்னை மறைத்துக்கொண்டு உலகத்தைக் காட்டுகிறான். அனுபவித்து, அலுத்து, மலம் என்கிற உயிரின் அழுக்கு கனிந்த பிறகு, மறைத்த அந்தச் சத்தியே அருட்சத்தியாகப் பதிகிறது. சத்திநிபாதம் என்பது அதுதான். "ஆகவே மறைப்பு என்பது அருளின் முதல் பாதி. கொஞ்சம் பொறுமையா இருங்க, ஏஜென்டும் ஒருநாள் வெளிப்படுவான்." வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

முதலில் எனக்குத் தோன்றிய பதில் எல்லாருக்கும் தோன்றுவதுதான். சிவன் கமிஷன் வாங்குவதில்லை. ஐந்தொழிலும் உயிர்களுக்காகத்தான், தனக்கென்று ஒரு பயனும் இல்லை என்பது சித்தாந்தம் திரும்பத் திரும்ப வற்புறுத்தும் விஷயம். ஏஜென்ட் தன் பயனுக்காக மறைக்கிறான். வித்தியாசம் அங்கே இருக்கிறது, முடிந்தது கதை.

முடியவில்லை. தன் பயனுக்காக உழைப்பது குற்றம் என்றால் நான் சான்று எழுதுவதும் குற்றம். இடைத்தரகு வேலைக்குக் கூலி வாங்குவதில் பாவம் ஒன்றும் இல்லை. இந்த ஊரே இடைத்தரகால் வளர்ந்த ஊர். தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து புறப்படுகிறதே, அந்தத் தெருவில் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் நடத்திய நகரத்தாரில் எத்தனையோ பேர் முதலாளிகள் இல்லை, ஏஜென்டுகள். முதலாளி காரைக்குடிப் பக்கம் இருப்பார். இவர் மூன்று வருஷக் கணக்கு என்று கப்பலேறி வந்து, கணக்கை முடித்து ஒப்படைத்துவிட்டுத் திரும்புவார். ஆனால் ஏஜென்ட் போடும் கையெழுத்தில் முதலாளியின் விலாசம் இருக்கும், அந்த நாலைந்து எழுத்துகள். கடன் வாங்கும் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் அந்த முதலாளியின் முகம் தெரியாது. கடல் தாண்டி மறைந்துதான் இருந்தார். ஆனால் யாருடைய பணம், யார் பேரில் வழக்குப் போடலாம் என்பது கடன்பத்திரத்திலேயே இருந்தது. வட்டித் தொழிலைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை என்பது வேறு. எழுதுவதை எழுதியிருந்தார்கள்.

ஆக, கமிஷன் காரணம் இல்லை. என்னை முழுக்கத் தெரிந்துகொண்டு தன்னைக் காட்டாமல் இருப்பதா? அதுவும் நிற்கவில்லை. இறைவனும் அப்படித்தான். அவனுக்கு என்னைத் தெரியும், எனக்கு அவனைத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வைப் பொறுக்கமாட்டேன் என்றால் தண்ணீர்மலைக்குப் போவதையே நிறுத்திவிட வேண்டும்.

இன்னொன்றையும் ஐயாவே சொல்லியிருக்கிறார், ஆனால் வேறொரு நாளில். ஆணவம், கன்மம், மாயை என்று மலம் மூன்று. ஐந்தாக விரித்துச் சொல்லும்போது மாயேயத்தையும், கூடவே திரோதான சத்தியையும், அதாவது இந்த மறைக்கும் சத்தியையும் சேர்ப்பார்கள். இறைவனுடைய சத்தி எப்படி மலமாகும்? ஆகாது, மலத்தோடு நின்று அதைத் தொழிற்படுத்துவதால் உபசாரமாக அப்படிச் சொல்வது என்று விளக்கம் தருவார்கள். விளக்கம் இருக்கட்டும். மறைப்பை, அது சிவனே செய்தாலும், அழுக்கோடு சேர்த்து எண்ணத் துணிந்திருக்கிறார்கள் நம் பெரியவர்கள். பதினான்காம் நூற்றாண்டில் சிதம்பரத்தில் இருந்த உமாபதி சிவம் போன்றவர்களுக்கே மறைப்பு எளிதில் விழுங்கக்கூடியதாக இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். ஐயா ஒப்பமாட்டார்.

ஏஜென்டின் மறைப்பு எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை. என் தாத்தா 1920களில் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, ஜெரெஜாக் தீவு முகாமில் நாள் கழித்து, நிபோங் தெபால் பக்கத்து எஸ்டேட்டில் பால்மரம் வெட்டினார். கூட்டி வந்தது சொந்த ஊர்க் கங்காணி. ஒப்பந்தக் கூலி முறையை 1910இல் நிறுத்திய பிறகு கங்காணி முறைதான் முழுமூச்சாக நடந்தது. 1907இல் ஏற்படுத்திய குடியேற்ற நிதிக்கு எஸ்டேட்டுகள் பணம் கட்டும். கப்பல் செலவு அதிலிருந்து. கங்காணிக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு. எந்த ஊருக்குப் போகிறோம் என்று தாத்தா கேட்டபோது கங்காணி சொன்ன பதில் "பினாங்கு". அந்தக் கிராமத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த எல்லாமே பினாங்குதான். எந்த எஸ்டேட், எந்த துரை, என்ன கூலி என்பது வந்து இறங்கின பிறகு தெரிந்தது.

ஆனால் கங்காணியின் மடியில் ஒரு லைசென்ஸ் இருந்தது. இந்த எஸ்டேட்டுக்கு ஆள் எடுக்க இவருக்கு அனுமதி என்று அச்சடித்த காகிதம். கிராம முன்சீப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், நாகப்பட்டினத்தில் அதிகாரி பார்க்க வேண்டும். எஸ்டேட்டின் பெயர் அதில் இருந்தது. முன்சீப்புக்குத் தெரியும், அதிகாரிக்குத் தெரியும், கப்பல் கிளார்க்குக்குத் தெரியும். தாத்தாவுக்கு மட்டும் தெரியாது; அவருக்கு எழுத்துத் தெரியாது, படித்துச் சொல் என்று கேட்கலாம் என்பதும் தெரியாது. 1938இல் இந்திய அரசு இந்த வகை ஆள்சேர்ப்பைத் தடை செய்வதற்குள் லட்சக்கணக்கான பேர் அப்படி வந்துவிட்டார்கள்.

அம்மா காலத்தில் இது தலைகீழாகியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கி, அமெரிக்க, ஜப்பானியக் கம்பெனிகள் வந்தபோது, எஸ்டேட்டில் வளர்ந்த பெண்கள் ஃபேக்டரி பஸ்ஸில் போய் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தார்கள். வேலிக்கம்பியில் பெரிதாகத் துணி கட்டியிருக்கும்: கெர்ஜா கோசோங், வேலை காலி. மேலே கம்பெனியின் பெயர். அம்மா கேட்டில் நின்று பெயர் கொடுத்தாள், இரண்டு நாளில் உள்ளே போனாள். நடுவில் ஒரு மனிதரும் இல்லை. வேலை கடினம், கண் போயிற்று, அது தனிக் கதை. ஆனால் தன் கண்ணை யார் வாங்கினார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

இப்போது ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். எனக்குக் கிடைத்த பதில் ஐயாவின் பாடத்துக்குள்ளேயே இருந்தது. சுந்தரரின் கதை.

எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் காண்டிராக்ட் வேலை செய்கிறவள் படித்தால் வேறு மாதிரி படிக்கிறாள். புத்தூரில் கல்யாணப் பந்தல். மாப்பிள்ளை நம்பி ஆரூரர், அதாவது சுந்தரர். முன்பின் தெரியாத ஒரு கிழவர் வந்து, இவன் எனக்கு வழிவழி அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார். பாட்டன் போட்ட கையெழுத்தில் பேரன் மாட்டிக்கொள்ளும் ஒப்பந்தம். ஆரூரர் அவரைப் பைத்தியக்காரன் என்று ஏசி, ஓடிப் போய் ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். கிழவர் அசரவில்லை: கிழித்தது படியோலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது, வா சபைக்கு.

வந்திருப்பவர் சிவபெருமான். மாறுவேடத்தில், பெயரை மறைத்து, தான் யார் என்பதை மறைத்து. இதைவிடப் பெரிய மறைப்பு உண்டா? ஆனால் சபையில் நடப்பதைப் பாருங்கள். அந்தணர் அடிமையாவது வழக்கத்தில் இல்லையே என்று சபையோர் தயங்குகிறார்கள். சான்று கேட்கிறார்கள்: ஆட்சியில் உண்டா, ஆவணம் உண்டா, அயலார் சாட்சி உண்டா? கிழவர் மூல ஓலையைக் காட்டுகிறார். கணக்கெழுதும் கரணத்தான் அதைச் சபையில் உரக்கப் படிக்கிறான். அதோடும் விடவில்லை. பாட்டனின் கையெழுத்துள்ள இன்னொரு ஓலையை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். தீர்ப்பு கிழவர் பக்கம். அதற்குப் பிறகும் ஒரு கேள்வி கேட்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த கேள்வி: நீர் இந்த ஊர் என்று ஓலையில் இருக்கிறதே, உம்முடைய வீடு எங்கே, காட்டும்.

இறைவன், என்னிடமா கேட்கிறீர்கள் என்று நெற்றிக்கண்ணைத் திறக்கவில்லை. முகவரி கான்ஃபிடென்ஷியல் என்றும் சொல்லவில்லை. வாருங்கள் என்று எழுந்து நடந்து திருவருட்டுறைக் கோயிலுக்குள் நுழைகிறார். அங்கேதான் மறைகிறார். மறைவதற்கு முன் கேட்ட அத்தனைக்கும் பதில் சொல்லியாகிவிட்டது, முகவரியும் காட்டியாகிவிட்டது. ஏசிய சொல்லையே முதற்சொல்லாக்கிப் பாடு என்று ஆரூரருக்கு அருளியது அதன் பிறகுதான்.

மறைப்பது தவறில்லை. மறைத்திருக்கும்போது கேள்விக்கு நிற்க மறுப்பதுதான் தவறு. இந்தக் கதையைப் பாடிய சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரு சபையைக் கட்டி, அதன் நடுவில் கடவுளையே வழக்காடியாக நிறுத்திவிட்டார். ஏஜென்டுக்கு மட்டும் என்ன விலக்கு?

என் தொழிலில் இதற்கு நேரான ஒன்று உண்டு. உலகத்துக் கிலோ எல்லாம் ஒரு கட்டியைப் பார்த்து நின்றன: பாரிஸுக்குப் பக்கத்தில் பெட்டகத்துக்குள், பூட்டுக்கு மேல் பூட்டாக, பிளாட்டினமும் இரிடியமும் கலந்த ஓர் உலோகக் கட்டி. 2019 மே மாதம் கிலோவுக்குப் புதிய வரையறை நடைமுறைக்கு வரும் வரை அதுதான் கிலோ. அதை நேரில் பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆனால் ஜெலுத்தோங் சந்தையில் மீன் நிறுக்கும் தராசை நான் சோதித்தால், எந்த எடைக்கல்லால் சோதித்தேன், அந்தக் கல்லை யார் சோதித்தார்கள், அதற்கு மேல் செப்பாங்கில் உள்ள தேசிய அளவியல் நிலையம், அதற்கு மேல், அன்று அந்தப் பெட்டகம், இன்று அந்தப் புதிய வரையறை என்று கண்ணி விடாமல் காட்ட முடியும். மீன் வாங்குகிறவர் பாரிஸுக்குப் போக வேண்டாம். கேட்டால் வழி இருக்கிறது, அது போதும். ஏஜென்டிடம் அந்த வழியில்லை. அவருக்குப் பின்னால் சங்கிலி இருக்கிறதா என்றே தெரியாது.

நாட்டின் சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தை ஒட்டி வந்தது நம்முடைய 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். சாதாரணமாக ஏஜென்ட் செய்யும் ஒப்பந்தம் அவரைக் கட்டாது, அவருக்குப் பின்னால் இருப்பவரைத்தான் கட்டும். ஆனால் பின்னால் இருப்பவரின் பெயரைச் சொல்லாமல் மறைத்தால், வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை ஏஜென்டே அதற்குக் கட்டுப்பட்டவர் என்று எடுத்துக்கொள்ளப்படும். மறைத்துக்கொள், ஆனால் அப்போது நீ பதில் சொல். 1981இன் தனியார் வேலைவாய்ப்பு முகமைச் சட்டம் லைசென்ஸ் இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்யாதே என்கிறது. 2017இல் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். ஆகவே பெயரைச் சொல்லாத தம்பியிடம் நான் பெயரைக் கேட்பதை நிறுத்திவிட்டேன். லைசென்ஸ் நம்பர் என்ன? சம்பளம் போடுவது யார், இபிஎஃப் முதலாளி பங்கும் சொக்சோவும் யார் கட்டுவது, அது சொல்லும் தொகைக்கு உள்ளேயா வெளியேயா? எந்தக் கட்டத்தில் பெயர் தெரியும், இன்டர்வியூவுக்கு முன்னாலா பின்னாலா? என் சம்மதம் இல்லாமல் ரெஸ்யூமை எங்கும் அனுப்புவதில்லை என்று எழுதித் தருவீர்களா? பாதிப் பேர் இரண்டாவது கேள்வியில் லைனைத் துண்டித்துவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன், நன்றாகவே.

கூட வேலை பார்க்கும் தமிழ் முஸ்லிம் நண்பர் ஒருவரிடம் இதைப் பேசியபோது, எங்களில் இது விவாதத்துக்கே இடமில்லாத விஷயம் என்றார். முக்கியமானதை மூடி வைத்துச் செய்யும் வியாபாரத்தை கரர் என்று தள்ளிவிடுவார்கள்; கூலி இவ்வளவு என்று முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டும். மேல்நாட்டிலும் கான்ட் என்ற ஜெர்மன் தத்துவவாதி 1795இல் ஒரு சோதனை சொன்னார்: பிறர் உரிமையைத் தொடும் ஒரு காரியத்தின் நோக்கத்தை ஊரறியச் சொன்னால் காரியமே கெட்டுவிடும் என்றால், அது நியாயமில்லாதது. என் ஏஜென்டுகளை இதில் வைத்துப் பார்த்தேன். "நீங்க நேரா போயிடுவீங்கன்னு பயம்" என்பதை ஊரறியச் சொல்லலாம்; அழுத்திக் கேட்டால் அவர்களே சொல்கிறார்கள். "வேலை இல்லை, ரெஸ்யூம்தான் சேர்க்கிறேன்" என்பதைச் சொல்ல முடியாது. சொன்னால் ஒருவரும் அனுப்பமாட்டார். நல்ல சோதனைதான். ஆனால் சேக்கிழாரின் சபையில் ஒரு கிழவரை நிறுத்திப் பார்க்கும் சுகம் அதில் இல்லை.

ஐயாவிடம் இதைச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "சபை எல்லாருக்கும் பதில் வாங்கிக் குடுத்துச்சா?" என்றார். யாரைச் சொல்கிறார் என்று உடனே புரிந்தது. சடங்கவி சிவாசாரியாரின் மகள். புத்தூரில் மணக்கோலத்தில் இருந்த பெண். மாப்பிள்ளை ஓலைக்காரர் பின்னால் போய்விட்டார், திரும்பவில்லை. அந்தப் பெண் ஆரூரரையே நினைந்திருந்து சிவலோகம் சேர்ந்தாள் என்பார்கள். அது பிறகு கிடைத்தது. அன்று சபையில் அவள் சார்பாக யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒப்பந்தம் இருவருக்கு நடுவில். மூன்றாவது ஆளின் வாழ்க்கை அதில் போயிற்று.

அதிலிருந்து என் பதில் கொஞ்சம் ஆட்டம் கண்டது. எனக்கு எழுத்துத் தெரியும், ஆங்கிலம் தெரியும், தொழிலாளர் அலுவலகம் எங்கே என்று தெரியும். போனை வைத்துவிடும் வசதி இருக்கிறது. முந்தைய ஃபேக்டரியில் என் மேசைக்கு எதிரே பெட்டி அடுக்கிய வங்காளதேசப் பையனுக்கு அது இல்லை. வேலை தேடும் தொழிலாளியிடமிருந்து முகமை நேராகவோ சுற்றிவளைத்தோ கட்டணம் வாங்கக் கூடாது என்று உலகத் தொழிலாளர் அமைப்பின் 181ஆம் உடன்படிக்கை 1997லேயே சொல்லிவிட்டது. அவன் தன் கிராமத்தில் நிலத்தை அடகு வைத்து ஒரு தரகருக்குக் கொடுத்தான். அந்தத் தரகர் டாக்காவில் ஒருவருக்கு. அவர் இங்கே ஒருவருக்கு. யாருக்கும் முழுப் பெயர் கிடையாது. யாரிடம் போய் மூல ஓலையைக் காட்டு என்று கேட்பான்? அவனுக்கும் என் தாத்தாவுக்கும் நடுவில் நூறு வருஷம், ஒரு செல்போன்.

போன வருஷக் கடைசியில் ஒரு ஏஜென்ட் கூப்பிட்டாள். சின்னப் பெண், ஈப்போக்காரி. பெயர் சொல்ல முடியாது என்றாள். ஏன் என்றேன். மற்றவர்களைப் போல மழுப்பவில்லை.

"அக்கா, உள்ளதச் சொல்றேன். அந்த சீட்ல இப்ப ஒருத்தவங்க இருக்காங்க. அவங்கள நிறுத்தப் போறாங்க. அவங்களுக்கு இன்னும் தெரியாது. பேரு வெளிய வந்தா அவங்க காதுக்குப் போயிடும்."

நான் கேட்டேன், அவள் பதில் சொன்னாள். லைசென்ஸ் நம்பரும் கொடுத்தாள், சம்பள விவரமும் சுத்தமாகச் சொன்னாள். என் சபையில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. குறை இருந்த இடம் என் பக்கம். இதற்கு முன் எத்தனை "கான்ஃபிடென்ஷியலுக்கு" அடியில் இப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தாரோ, எனக்குத் தெரியாது. தெரியாததால் நிம்மதியாகப் போய் உட்கார்ந்திருக்கிறேன். மறைப்பு ஏஜென்டுக்கு மட்டும் வசதி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எனக்கும்தான் வசதி.

போகாமல் இருந்தேன் என்று எழுதினால் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். மகளுக்கு அந்த மாதம் பல்கலைக்கழகக் கட்டணம். போனேன். மேனேஜர் நல்ல மனிதர், கேள்விகள் தொழில் தெரிந்தவர் கேட்பவை. கடைசியில் உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். "இப்ப இந்த வேலையப் பார்க்கிறவங்களுக்கு எப்ப சொல்லப் போறீங்க?" என்றேன். அவர் பக்கத்தில் இருந்த எச்ஆர் பெண்ணைப் பார்த்தார். அவள், இந்த மாதக் கடைசியில் என்றாள். அப்படியானால் அவர்களுக்குச் சொன்ன பிறகு எனக்கு ஆஃபர் அனுப்புங்கள், அதற்கு முன் வேண்டாம் என்றேன். அவள் குறித்துக்கொண்டாள்.

வேலை எனக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கேள்வியாலா, நான் சொன்ன ரேட்டாலா என்று ஈப்போப் பெண்ணைக் கேட்டேன். கம்பெனி காரணம் சொல்லவில்லை அக்கா என்றாள்.